ரிக் ரைட் இல்லாமல் பிங்க் ஃப்ளாய்டா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். தமிழில் ராக் இசைக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க, பாஸ் கிடார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸா, கிடார் வாசித்த டேவிட் கில்மரா என்ற ஒரே வழக்குதான். பெரும்பாலான பாடல்களுக்குக் கீழே வாட்டர்ஸ் பெயர் இருக்கிறது, அதனால் குழு என்றால் அவர்தான், கில்மர் நன்றாக வாசிப்பவர், அவ்வளவே என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார் கட்டுரையாளர். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் (ரிக்) ரைட்டின் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாட்டர்ஸைக் குறைத்துப் பேச நான் எழுதவில்லை. 1973-இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் வரிகள் அத்தனையும் அவருடையவை. 'தி வால்' ஆல்பம் அவருடைய வாழ்க்கையிலிருந்தே எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் தந்தை இறந்தபோது அவர் கைக்குழந்தை. வரி எழுதுவது தனக்கு அத்தனை எளிதாக வராது என்று கில்மரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் பாட்டு என்பது வரி மட்டும்தானா? 'அஸ் அண்ட் தெம்' பாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பியானோ மெட்டை ரைட் முதலில் போட்டது இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'சாப்ரிஸ்கி பாயின்ட்' படத்துக்காக. அவர் அது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். அந்த மெட்டு காத்திருந்து, பிறகு 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் வந்து சேர்ந்தது. வாட்டர்ஸ் வரிகளை அப்புறம்தான் எழுதினார். அதே ஆல்பத்தின் 'ப்ரீத்' பாட்டில், பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் சட்டென்று நிறம் மாறும் ஒரு கார்ட் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) உண்டு. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் கேட்டு எடுத்தது என்று ரைட் சொல்லியிருக்கிறார். ஜாஸ் கேட்டு வளர்ந்த ஒருவர் குழுவில் இல்லையென்றால் அந்தக் கார்ட் அங்கே வந்திருக்காது.

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' இன்னும் பெரிய விஷயம். ரைட்டின் பியானோ, அதன் மேல் கிளேர் டோரி என்ற பாடகியின் குரல், ஒரு சொல்கூட இல்லாமல். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபி ரோடு ஸ்டுடியோவுக்கு வந்து பாடிவிட்டுப் போனார். விடுமுறை நாள் என்பதால் இரட்டைச் சம்பளம், 30 பவுண்டு. வரி கிடையாது என்று சொல்லிவிட்டதால், தன் குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினாராம். ஆல்பத்தில் அந்தப் பாட்டை எழுதியவர் ரைட் ஒருவர் என்றே பல ஆண்டுகள் அச்சானது. 2004-இல் டோரி வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. இப்போது ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்து வருகிறது. அந்தக் குரலை எடுத்துவிட்டு அந்தப் பாட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். முப்பது வருடங்களுக்கு மேல் ஆல்பத்தின் அட்டை சொன்னது முழு உண்மை இல்லை. அதே அட்டையை நம்பித்தான் கட்டுரையாளர் கணக்குப் போடுகிறார்.

கணக்கு என்றதும் 1977-இல் வந்த 'அனிமல்ஸ்' ஆல்பம் நினைவுக்கு வருகிறது. கில்மரும் வாட்டர்ஸும் சேர்ந்து எழுதிய 'டாக்ஸ்' 17 நிமிடம், கிட்டத்தட்ட இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க. வாட்டர்ஸ் தனியாக எழுதிய 'பிக்ஸ் ஆன் தி விங்' ஒன்றரை நிமிடத் துண்டுகள் இரண்டு. பாட்டு எண்ணிக்கையை வைத்து ராயல்டி பிரித்ததால் இரண்டு துண்டுகளும் தனித்தனியாக எண்ணப்பட்டு, வாட்டர்ஸுக்கே கூடுதல் பங்கு போனது. குழுவுக்குள் மனக்கசப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கில்மர் வெறுமனே நன்றாக வாசிப்பவர் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 'மணி', 'அனதர் பிரிக் இன் தி வால்' இரண்டாம் பாகம், இரண்டுக்கும் கீழே வாட்டர்ஸ் பெயர் மட்டும்தான். அவற்றில் கில்மர் தனியாக வாசித்த அந்த இரண்டு கிடார் சோலோக்களும் இல்லாமல் யாராவது அவற்றைப் பாடிக் காட்டட்டும் பார்க்கலாம்! 'மணி'யில் ஏழு தட்டில் ஓடும் பாட்டு, கிடார் சோலோ வந்ததும் நாலு தட்டுக்கு மாறுகிறது. 'கம்ஃபர்டப்ளி நம்ப்' பாட்டின் கடைசி சோலோ ஒரே மூச்சில் வந்ததும் இல்லை. ஐந்தாறு முறை வாசித்துப் பதிவு செய்து, எந்த இடத்தில் எது நன்றாக இருக்கிறது என்று தாளில் குறித்துவைத்து, துண்டுகளைக் கோத்துச் செய்தது. இது மெட்டுப் போடும் வேலைதான்.

அவர் வேகத்துக்குப் பேர்போனவர் இல்லை. 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' தொடக்கத்தில் வரும் அந்த நாலு சுரங்கள் போதும். வீணையில் தந்தியை இழுத்துப் பிடிப்பதுபோல, ஒரு சுரத்தை எங்கே வளைப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று தெரிந்த கை அது. எனக்குப் பிடித்த கிடார் கலைஞர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் கில்மர், பிறகு ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீன், அப்புறம்தான் டீப் பர்ப்பிள் குழுவின் ரிச்சி பிளாக்மோர். பிளாக்மோரின் 'ஹைவே ஸ்டார்' சோலோவை ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓடுவது முதல் இருவரின் வாசிப்புதான்.

சரி, யார் பங்கு எவ்வளவு என்று பார்க்க நேரான வழி, ஒருவர் இல்லாதபோது என்ன ஆனது என்று கேட்பது. 'தி வால்' வேலையின்போதே ரைட் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதன் மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். 1983-இல் வந்த 'தி ஃபைனல் கட்' ஆல்பத்தில் அவர் இல்லை, பாடல்கள் எல்லாமே வாட்டர்ஸ் எழுதியவை. வரிகள் கூர்மை, ஆனால் அந்தக் குழுவின் பாடல்களில் மூச்சுவிட இருக்குமே ஓர் இடம், அதைக் காணோம். வாட்டர்ஸ் விலகிய பிறகு 1987-இல் வந்த ஆல்பத்தில் ஓசை திரும்பிவிட்டது, சொல்ல வேண்டிய விஷயம் மெலிந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் கட்டுரையாளருக்கே புரியும்.

ரைட் 2008 செப்டம்பரில் காலமானார். அதற்குப் பிறகு 'எக்கோஸ்' பாட்டை வாசிக்க முடியாது, அதில் தானும் ரைட்டும் பேசிக்கொள்வதுபோல வாசித்தது வேறு யாரோடும் வராது என்று கில்மர் சொல்லிவிட்டார். ரைட் பியானோவில் தட்டிய ஒற்றைச் சுரம் ஒன்றிலிருந்து பிறந்த பாட்டு அது. டிரம்ஸ் வாசித்த நிக் மேசனையும் சேர்த்து நால்வர் பெயரும் அதன் கீழே இருக்கும். அடுத்து பிங்க் ஃப்ளாய்ட் பற்றி எழுதும்போது ரைட்டுக்குத் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். அந்தப் பாட்டிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை