மேட்டுப்பாத்தி குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தகடுகளைப் பூட்டி, மண் நிரப்பிச் செடி நட நீ அனுப்பிய மேட்டுப்பாத்திப் பெட்டிகள் இரண்டும் நசுங்காமல் வந்து சேர்ந்தன. ஒன்றைப் பொருத்தி மண்ணும் நிரப்பிவிட்டோம். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் நீ பேசும் நேரம் சுருங்கிவிட்டது, அதையும் உன் அம்மாவே எடுத்துக்கொள்கிறாள். அதனால் செய்த வேலையை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நீயும் ஒருநாள் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

முதலில் இடம். குசினிக் கதவுக்கு நேரே, சரிவின் விளிம்பில் வைக்க வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள், நான் மறுத்துவிட்டேன். பெட்டி ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம். பெருக்கினால் 36 கன அடி, அதாவது ஒரு கன மீட்டருக்குச் சற்று அதிகம். அத்தனையையும் மண்ணால் நிரப்பி மழையும் நனைத்தால் பாரம் ஒரு டன்னைத் தாண்டிவிடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்டத்து லயங்கள், அந்த வரிசை வீடுகள், மண்ணுக்குள் போன பிறகு, வெட்டிய மேட்டின் ஓரத்தில் எந்தப் பாரத்தையும் ஏற்ற எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே வீட்டின் பக்கவாட்டில், தண்ணீர் ஓடும் கானை மறைக்காமல், வெயில் நெடுநேரம் விழும் இடத்தைத் தெரிந்தெடுத்தேன். நிலம் சரிவாக இருந்ததால், தாழ்ந்த பக்கத்தைக் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்தாமல், உயர்ந்த பக்கத்தையே வெட்டி மட்டமாக்கினோம். போட்ட மண் பிறகு அமுங்கும், வெட்டிய நிலம் அமுங்காது. மட்டம் பார்க்க ஒரு நிறமற்ற குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் பிடித்துக்கொண்டோம். நாற்புறமும் நடந்து போக இரண்டடி வழி விட்டிருக்கிறேன். மூன்றடி அகலமான பாத்தியில் ஒரு பக்கத்திலிருந்து ஒன்றரையடி கை எட்டினால் போதும். சுவரோடு ஒட்டி வைத்தால் மறுபாதி எட்டாது.

ஆயுளில் பாதியைக் கொழுந்துக் கூடையோடு மலையில் கழித்தவள் உன் அம்மா. இப்போது குந்தி உட்காரவும் முடியவில்லை, குனிந்து நிமிரவும் முடியவில்லை. இரண்டடி உயரத்தைத் தேடி வாங்கியிருக்கிறாயே, அதன் அருமையை அவள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மண்ணைக் கிளறியபோதுதான் நான் முழுதாக உணர்ந்தேன். வருவோர் போவோரிடமெல்லாம், "என் முழங்காலை நினைத்து மகள் அனுப்பியது" என்று சொல்கிறாள். உன்னிடம் அதைச் சொல்லமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு வந்து நீயே பொருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தாய். பலகாரம் சுட்டு, உன் அறையையும் கழுவி வைத்தோம். வேலை இருந்திருக்கும். ஆனால் வரவில்லை என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால், உன் அம்மா வாசலுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்குமாக நடந்திருக்கமாட்டாள். கடைசியில் உன் தம்பி லீவு போட்டு வந்து உதவினான்.

பொருத்தும் விதத்தைக் கவனமாகப் படி. துத்தநாகம் பூசிய தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். போல்ட் போடுவதற்கு முன்பே அதை உரித்துவிட வேண்டும், இல்லையென்றால் போல்டின் அடியில் சிக்கிக் கிழிந்துகொண்டே இருக்கும். தகட்டின் விளிம்பு கத்தியாக வெட்டும், கையுறை இல்லாமல் தொடாதே. நட்டுகளை ஆரம்பத்திலேயே இறுக்கக்கூடாது. எல்லாத் தகடுகளையும் விரலால் திருகி மட்டும் சேர்த்துக்கொண்டு, பெட்டி முழு வடிவத்துக்கு வந்த பின், குறுக்கு மூலைகளை இரு பக்கமும் அளந்து அளவு ஒன்றானதும், அதன் பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும். உன் தம்பி அவசரப்பட்டு முதல் மூலையை இறுக்கியதால் கடைசித் தகட்டின் துளை பொருந்தவேயில்லை. எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி தொடங்கினோம். நடுவே போகும் குறுக்குக் கம்பிகளை மண் போடுவதற்கு முன்பே பூட்டிவிடு. அவை இல்லையென்றால் ஈர மண்ணின் அழுத்தத்தில் நீளப் பக்கம் வெளியே பிதுங்கிவிடும், பிறகு மண்ணை அள்ளாமல் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வழியில் நனைந்ததாலோ என்னவோ, அதன் மேல் ஒட்டியிருந்த விலாசத் தாள் உரிந்து வந்துவிட்டது. அதன் அடியில் இன்னொரு தாள் இருந்தது. தெஹிவளை வீட்டு விலாசமும், உன் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் அதில் இருந்தன. பின்முற்றத்தில் வைத்துக் கீரையும் மிளகாயும் நடப் போவதாக நீங்கள் இருவரும் சென்ற ஆண்டு ஆசையோடு சொன்ன பெட்டி இதுதான் என்று புரிந்துகொண்டேன். உன் அம்மாவிடம் நான் அதைக் காட்டவில்லை. முற்றத்தில் வெயில் போதாமல் இருக்கலாம். வீட்டுக்காரர் மறுத்திருக்கலாம். அப்படியென்றால் இந்தப் பெட்டியில் ஒரு நன்மை உண்டு: நட்டுகளைக் கழற்றினால் தகடுகள் பழையபடி அடுக்கில் அடங்கிவிடும், எந்த வீட்டுக்கும் கொண்டுபோகலாம். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

நிரப்புவதில்தான் பெரும்பாலோர் காசைக் கொட்டுகிறார்கள். 36 கன அடிக்கும் நல்ல மண் தேவையில்லை. அடியில் எலி தோண்டி ஏறாமலிருக்கக் கம்பி வலை விரித்தேன். அதன் மேல், பசை நாடாக்களை உரித்தெடுத்த காட்போட் மட்டைகளை நனைத்துப் பரப்பினேன். புல் அடங்கிவிடும், மட்டையும் மக்கிவிடும். பிறகு பாதி உயரம் வரை தேயிலையைக் கவ்வாத்துச் செய்தபோது வெட்டிய மிலாறுக் குச்சிகள், உளுத்துப்போன கட்டைகள், காய்ந்த இலை. தேயிலை மிலாறு இறுகிய மரம் என்பதால் மெதுவாகத்தான் மக்கும், அடியில் கிடப்பதற்கு அதுவே நல்லது. பச்சைக் குச்சியையும் மரத்தூளையும் மேல் மண்ணில் கலந்துவிடாதே. அவை மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகிவிடும். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் ஊற்றி, இடுக்குகளில் மண் இறங்கும்படி மிதித்த பிறகே அடுத்த அடுக்கைப் போட்டோம்.

மேல் ஓரடிக்குத்தான் நல்ல மண். அதில் நம் எருக்குழிக் கூட்டெருவைக் கலந்தேன். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது நீயும் நானும் வெட்டினோமே, அந்தக் குழி இன்னும் நம்மைக் கைவிடவில்லை. ஆனால் நம் மண் தேயிலை மண், அதன் அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் நிற்கும். தேயிலைக்கு அது சுகம். பீட்ரூட்டுக்கும் கோவாவுக்கும் (முட்டைக்கோஸ்) 6க்கு மேல் வேண்டும். அமிலம் மிகுந்த ஈர மண் தகட்டின் துத்தநாகப் பூச்சையும் சீக்கிரம் தின்றுவிடும். ஆகவே கவ்வாத்துக் காலத்தில் மலைக்குப் போடும் அதே டொலமைட் சுண்ணாம்புத் தூளை மண்ணோடு நன்றாகக் கலந்திருக்கிறேன். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். யூரியாவையும் அதையும் ஒரே நாளில் போடாதே, நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

நிரப்பிய அன்றே நாற்று நடவேண்டும் என்று உன் அம்மா பிடிவாதம் பிடித்தாள். நடவில்லை. மண் அமுங்கும், உள்ளே மரம் மக்க மக்க இன்னும் இறங்கும், அப்போதெல்லாம் மேலே கூட்டெரு போட்டு நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நீ செய்யும்போதும் அவசரப்படாதே. நட்டுகளை முதலில் இறுக்காதே. கையுறை போட்டுக்கொள். தனியாகத் தூக்காதே. இவற்றை ஏற்கனவே எழுதிவிட்டேன் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒருவர் துணையும் இல்லாமல் செய்து முடித்துவிட்டுப் பிறகு எங்களுக்குச் சொல்வது உன் வழக்கம். பேராதனைக்குப் போனபோதும் அப்படித்தான் செய்தாய். நம் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை என்று ஊரே பேசியபோது, விடுதிக்குக் கட்டக் காசில்லாமல் நீ இருந்ததை நாங்கள் அடுத்த வருடம்தான் அறிந்தோம். அந்த உறுதியை நினைத்துப் பெருமைப்படாத நாள் இல்லை. ஆனாலும் அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

முதல் போகத்துக்கு லீக்ஸும் போஞ்சியும் சலாது இலையும் நட எண்ணம். கரட்டை இப்போது வேண்டாம் என்றேன். புது எரு கலந்த மண்ணில் கிழங்கு கிளைத்துக் கோணிவிடும். வைகாசியில் தென்மேற்கு மழை இறங்கினால் உரச்சத்து அத்தனையும் கழுவிப் போய்விடும் என்பதால், மூங்கில் வளைத்து மேலே கூரைபோல் பிளாஸ்டிக் தாள் கட்ட உன் தம்பி அடுத்த வாரம் வருகிறான். நத்தைக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை, இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குகிறேன்.

இரண்டாவது பெட்டியைப் பிரிக்கவில்லை. அதற்கும் சேர்த்தே முதல் பெட்டியின் பக்கத்தில் நிலத்தை மட்டமாக்கி வைத்திருக்கிறேன். அதை எங்கே பொருத்துவது என்பதை மட்டும் நீ சொன்னால் போதும். தெஹிவளைக்கென்றால் உன் தம்பி கொண்டுவந்து தருவான், கூட்டெருவையும் டொலமைட்டையும் நான் சாக்கில் கட்டி அனுப்புகிறேன். வேறு விலாசமென்றாலும் அப்படியே. இங்கேயே இருக்கட்டும் என்றால் நீ வர வேண்டும். ஒருவர் தகட்டைப் பிடித்தால்தான் மற்றவர் நட்டுப் போட முடியும், எத்தனை நாள் ஆனாலும் சாவகாசமாகச் செய்யலாம். எதுவானாலும் மழை பிடிப்பதற்குள் சொல். உன் அம்மா தூங்கிய பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல் என் தொலைபேசிக்கே எடு.

அன்புடன்,
அப்பா