ஒவ்வாமை உள்ள வீட்டுக்குப் பூடில் கலப்பு நாய் ஏற்றதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுருள்முடி கொண்ட பூடில் இன நாயை வேறு இன நாயுடன் இணைசேர்த்துப் பெறும் கலப்பு நாய்க்குட்டிகளை விற்பவர்கள் முடி உதிராது, ஒவ்வாமை வராது என்று உறுதி கூறுவதை நம்பி, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களும் அவற்றை வாங்கிவிடுகிறார்கள். அத்தகைய உறுதியை எவராலும் தர முடியாது என்பதற்கு இக்கலப்பின் வரலாறே சான்று.

1980-களின் இறுதியில், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் ஆஸ்திரேலிய அமைப்பொன்றில் பணியாற்றிய வாலி கான்ரன், ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண்மணி ஒருவருக்காக லாப்ரடாரையும் பெரிய வகைப் பூடிலையும் இணைசேர்த்தார். அப்பெண்மணியின் கணவருக்கு நாய் ஒவ்வாமை இருந்ததே காரணம். பிறந்த 3 குட்டிகளின் முடியும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. அக்குட்டிகளுள் ஒன்று மட்டுமே அக்கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு என்றால், இனப்பெயரை மட்டும் கேட்டு முடிவெடுப்பது எப்படிச் சரியாகும்? இக்கலப்பை உருவாக்கியதற்காகத் தாம் வருந்துவதாகக் கான்ரனே 2019-இல் வெளிப்படையாகக் கூறினார்.

ஒவ்வாமையைத் தூண்டுபவை நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் சிறுநீரிலும் உள்ள புரதங்கள். உதிராத முடியிலும் அவை ஒட்டியிருக்கும். ஆகவே, ஒவ்வாமை உள்ளவர் மருத்துவரைக் கலந்துகொண்டு, வாங்க நினைக்கும் அதே குட்டியுடன் பலமுறை மணிக்கணக்கில் பழகிப் பார்த்த பின்பே முடிவெடுக்க வேண்டும்.

முடி உதிராவிட்டால் வேலை குறையும் என்பதும் தவறான எண்ணம். கழன்ற முடி சுருளுக்குள்ளேயே சிக்கிச் சடைபிடிக்கும் என்பதால், நாள்தோறும் தோல்வரை சீவிவிட்டு, ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை கத்தரிக்கவும் வேண்டும். தொங்கும் காதுகளில் ஈரம் தங்கினால் புண்ணாகும். புழுக்கம் மிகுந்த நம் ஊர்களில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. மேலும், பூடில், லாப்ரடார் ஆகிய இரண்டுமே வேட்டையில் வீழ்ந்த நீர்ப்பறவைகளை எடுத்துவரப் பழக்கப்பட்ட நாய்கள். நடையும் விளையாட்டும் இன்றிப் பூட்டிய வீட்டில் பகல் முழுதும் தனித்திருப்பது அவற்றின் வழிவந்த குட்டிக்குப் பெருந்துன்பம் என்பதை, கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடமும், இடுப்பு மூட்டு, விழித்திரை ஆகியவற்றின் பரம்பரைக் கோளாறுகளுக்கான சோதனைச் சான்றுகளைத் தராதவரிடமும் குட்டி வாங்கலாகாது.

ஒவ்வாமை வராது என்று உறுதியளிக்கும் விளம்பரங்களை நாளிதழ்கள் ஏற்க வேண்டாம் என்று வேண்டுகிறேன். அந்த ஒரு வரியை நம்பி வாங்கப்பட்டு, பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வந்ததும் கைவிடப்படும் நாய்களின் எண்ணிக்கையாவது குறையும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
சென்னை