மழைப் பட்டியலில் பூஜ்யமும் கோடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த மழை அளவுப் பட்டியலில், பக்கத்து ஊர் ஒன்றுக்கு நேராக 0.0 மி.மீ. என்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதே ஊரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு, பைக்கை எடுக்க முடியாமல் முக்கால் மணி நேரம் மண்டப வாசலில் நின்றவன் நான். வாழைமரம் கட்டியிருந்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. மாப்பிள்ளை வீட்டு வேன் ஒன்று பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது.

பேப்பரில் பொய் போட்டுவிட்டீர்கள் என்று சண்டைக்கு வரவில்லை. மழைமானி இருக்கும் இடத்துக்கும் அந்த மண்டபத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். எங்கள் பக்கம் ரோட்டுக்கு மேல்பக்கம் கொட்டும்போது கீழ்பக்கம் வடகம் காய்ந்துகொண்டிருக்கும். அதனால் மானியில் ஒரு சொட்டும் விழாமல் இருந்திருக்கலாம். இல்லை, அன்று காலை அந்த ஊர் அளவு வந்து சேராமல், கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று யாரோ பூஜ்யத்தைப் போட்டு நிரப்பியிருக்கலாம். இரண்டில் எது என்று 0.0-ஐப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என் மனக்குறை அதுதான்.

நான் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவன். மழை எனக்குப் பழைய எதிரி. தரைக்கடியில் கேபிள் ஜாயின்டுக்குள் தண்ணீர் இறங்கினால் ஒரு தெருவே கரகரக்கும். எந்தத் தெருவிலிருந்து புகார் வருகிறது என்பதை வைத்தே மழை எந்தப் பக்கம் பெய்தது என்று சொல்லிவிடுவோம். ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. 2016 அக்டோபர் 1 முதல் வீட்டில் மழையை அளந்து எழுத ஆரம்பித்தேன். 16 செ.மீ. வாய் உள்ள பிளாஸ்டிக் புனல், அதன் கீழே 5 லிட்டர் கேன், அவ்வளவுதான். அந்த வாயின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர செ.மீ. ஆகவே கேனில் 20 மில்லி சேர்ந்தால் 1 மி.மீ. மழை. மருந்துக் கடையில் வாங்கிய அளவுக் குவளை ஒன்று இருந்தால் போதும்.

ஆரம்பித்த நேரம் அப்படி. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. என் முதல் நோட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக 0, 0, 0. பூஜ்யம் எழுதவா நோட்டு வாங்கினீர்கள் என்று வீட்டில் கேலி. நடுவில் மதுரையில் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தோம். கேன் காய்ந்து கிடந்தது. சரி என்று ஐந்து பூஜ்யத்தை வரிசையாகப் போட்டேன். பின்னால் நின்ற மனைவி கேட்டாள்:

"நாமதான் ஊர்லயே இல்லையே, மழை பெய்யலன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"கேன் காலியாத்தான இருக்கு?"

"ரெண்டு தூறல் போட்டிருந்தா அஞ்சு நாள் வெயில்ல வத்திப் போயிருக்காதா?"

பதில் இல்லை. ஐந்து பூஜ்யத்தையும் அடித்துவிட்டு ஐந்து கோடு போட்டேன். அன்றிலிருந்து நான் பார்க்காத நாளுக்குக் கோடு. பார்த்து, ஒன்றும் இல்லாத நாளுக்குத்தான் பூஜ்யம்.

2020 ஊரடங்கு சமயத்தில் மகள் ஒரு மின்னணு வானிலைக் கருவி வாங்கி அனுப்பினாள். மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று, காற்றழுத்தம் எல்லாம் ஒரு சின்னத் திரையில் வரும். வெப்பமானி இருக்கும் பகுதி இட்லித் தட்டுகளை அடுக்கிவைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். உள்ளே காற்று போகும், வெயில் படாது. அதை நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டிவைத்து, 43 டிகிரி என்று தெருவுக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தேன். சுட்ட சிமெண்டுத் தளத்தை அளந்திருக்கிறேன், ஊரை அல்ல. கொல்லையில் மண் தரைக்கு மேல் நாலடி உயரத்தில் மாற்றியதும் மூன்று நாலு டிகிரி இறங்கிவிட்டது.

மழையை அளக்கும் பகுதி குழந்தைகள் ஏறி ஆடும் சீசா மாதிரி. ஒரு பக்கக் கிண்ணம் நிறைந்தால் சாயும், மறு பக்கம் மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் 0.2 மி.மீ. என்று எண்ணிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு ஐப்பசியில் சிற்றெறும்பு மண்ணைக் கொண்டுவந்து சீசாவுக்கு அடியில் வீடு கட்டிவிட்டது. வெளியே சடசடவென்று மழை, திரையில் 0.0. கேனில் அளந்தால் 18 மி.மீ. இன்னொரு நாள் சுட்டெரிக்கும் வெயிலில் 40 மி.மீ. காட்டியது. பேரன் செடிக்குத் தண்ணீர் விடும் டியூபை அந்தப் பக்கம் திருப்பியிருந்தான்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. என் கேன் 250 மி.மீ. வரைதான் பிடிக்கும்; அங்கே வைத்திருந்தால் மூன்று தடவை நிரம்பி நாலாவது தடவையும் முக்கால் நிறைந்திருக்கும். அந்த ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போய், கருவியின் திரையும் அணைந்தது. கரண்ட் வந்த பிறகு கணினியில் பார்க்கிறேன், மழை கொட்டிய அந்த மணி நேரங்களுக்கு நேராக என் கருவியும் 0 என்றே போட்டிருந்தது. கருவிக்கும் கோடு போடத் தெரியவில்லை. குடை பிடித்துக்கொண்டு போய் நான் எடுத்த கேன் அளவுதான் நோட்டில் இருக்கிறது.

அதற்காகக் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது காற்றழுத்த வரைகோடு. முதல் வாரம் அது கெட்டுப்போன கருவி என்றே நினைத்தேன். காலை பத்து மணி வாக்கில் ஏறும், பிற்பகல் நாலுக்கு இறங்கும், ராத்திரி பத்துக்கு மறுபடி ஏறும், விடியக்காலம் நாலுக்கு இறங்கும். தினமும் இதே கதை. ஏற்ற இறக்கம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). சூரியன் காற்றுமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை அது என்றும், நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரியும் என்றும் அப்புறம்தான் படித்தேன். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நெருங்கினால் அலை அப்படியே இருக்க, கோடு மொத்தமாகக் கீழே சரியும். ஆகவே இன்று நாலு மணி அளவை நேற்று நாலு மணி அளவோடுதான் ஒப்பிட வேண்டும். இது தெரியாமல், காலைக்கும் சாயங்காலத்துக்கும் வித்தியாசம் பார்த்து, "மழை வருது" என்று பக்கத்து வீட்டுக்காரரை நெல் காயப்போட விடாமல் இரண்டு நாள் தடுத்துவிட்டேன். அவர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கல், சாரல். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றோடு நாள் பூராவும் தூவும். கிழக்கே பாவூர்சத்திரம் தாண்டினால் அதே நேரத்தில் சுள்ளென்று வெயில். இங்கே கொடியில் போட்ட துணி இரண்டு நாள் காயாது. ஆனால் கேனைப் பார்த்தால் 30 மில்லி, அதாவது 1.5 மி.மீ. வானிலைத் துறைக் கணக்கில் 2.5 மி.மீ. இருந்தால்தான் அது மழை நாள். நாள் முழுக்க நனைந்தவனுக்கு அது மழை நாள் இல்லையாம்! காற்று பலமாக அடித்தால் சாரல் புனலுக்குள் விழாமல் மேலாகப் பறந்தும் போய்விடும். சீசாப் பகுதி மாடியிலும் கேன் தரையிலும் இருந்த காலத்தில், சாரல் நாட்களில் கேன்தான் கூடுதலாகக் காட்டும். மழைமானியின் வாயைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் அடி உயரத்தில் வைக்கச் சொல்வது சும்மா இல்லை. இப்போது இரண்டும் கொல்லையில்தான்.

தேதிக் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை 8.30 மணி தொடங்கி மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்ததை ஒரு நாள் மழையாக எடுத்து, முடிந்த நாளின் தேதியைப் போடுவது வழக்கம். ஞாயிறு சாயங்காலம் பெய்தது திங்கட்கிழமை தேதியில் ஏறும். செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் "நேற்று 42 மி.மீ." என்று வந்தால் டீக்கடையில் என்னைத்தான் பிடிப்பார்கள்: "திங்கக்கெழம வெயிலு பல்ல இளிச்சுதே அண்ணாச்சி, நாப்பத்திரண்டு எங்கன பெஞ்சுது?" ஒவ்வொரு தடவையும் தங்கள் பேப்பரின் ஓரத்திலேயே கடிகாரம் வரைந்து விளக்கிவருகிறேன்.

ஆகவே கேட்பது சின்ன விஷயம். பட்டியலுக்கு மேலே "இன்ன தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்" என்று ஒரு வரி. சென்னை வானிலை மையத்தின் அளவு செ.மீ. கணக்கில் வருகிறது, மாவட்ட நிர்வாகத்தின் அளவு மி.மீ. கணக்கில் வருகிறது, ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அளவு வந்து சேராத ஊருக்குத் தயவுசெய்து பூஜ்யம் வேண்டாம், ஒரு கோடு போடுங்கள். அச்சில் இரண்டுக்கும் ஒரே இடம்தான் பிடிக்கும். பத்து வருஷம் கழித்து எவராவது அந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்க்கும்போது, பூஜ்யம் கூட்டலுக்குள் போய்விடும். கோட்டைப் பார்த்தால் நின்று யோசிப்பார்.

என் நோட்டுகளிலும் கோடுகள் நிறைய உண்டு. பேரன் பிறந்தபோது பதினோரு நாள், எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஆறு நாள். யாருக்காவது இந்த நோட்டுகள் பயன்படும் என்றால் தாராளமாக வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம். காலை எட்டரைக்கு மட்டும் வர வேண்டாம். கையில் அளவுக் குவளை இருக்கும், பேச்சுக் கொடுத்தால் சிந்திவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைன்மேன்,
இலஞ்சி, தென்காசி மாவட்டம்.