எங்கள் செய்தியை நாங்களே எழுதுகிறோம், இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது, இனி பத்திரிகைகளில் அந்தப் படம் வர ஆரம்பித்துவிடும். சக்கர நாற்காலியில் ஒருவர், பக்கத்தில் ஒய்பி (மக்கள் பிரதிநிதி), நடுவில் பரிசுக்கூடை. கொடுத்தவர் பெயர் பட்டத்தோடு இருக்கும், வாங்கியவர் 'மாற்றுத்திறனாளி ஒருவர்', அவ்வளவுதான். உதவி செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அந்த அரிசியும் எண்ணெயும் பல வீடுகளுக்குத் தேவைதான். ஆனால் வருஷம் முழுக்க எங்களைப் பற்றி வருவது அது ஒன்றுதான் என்றால் மனசு கொதிக்கிறது ஐயா.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலிதான். எழுத விஷயமா இல்லை? கடைவரிசையில் அஞ்சடி நடைபாதை கடைக்குக் கடை ஒரு உயரம், இடையில் மோட்டார் சைக்கிள், அதனால் லாரி ஓடுகிற ரோட்டில்தான் நாங்கள் சக்கரத்தை உருட்ட வேண்டியிருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்து, லிப்ட் இல்லாத மலிவுவிலை பிளாட்டில் மேல்மாடி கிடைத்த குடும்பம், கிளினிக் போகும் நாளெல்லாம் தாத்தாவை நாற்காலியோடு தூக்கி இறக்குகிறது. சம்பளம் குறைந்த ஓகேயூ (மாற்றுத்திறனாளி) தொழிலாளர்களுக்குச் சமூகநல இலாகா மாத அலவன்ஸ் தருகிறது, அது தெரியாமலே கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் நாங்கள் சிலர் போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வருகிறோம். கண் தெரியாத தோழி பேட்டி எடுப்பாள், காது கேளாத தம்பி ஒருவன் வீடியோ எடுப்பான், அவனைப் போன்றவர்களுக்காகப் பேச்சை எழுத்திலும் போடுவோம். வெளியிலிருந்து வரும் நிருபர் எங்களிடம் முதலில் கேட்பது 'எப்படி இப்படி ஆச்சு?' என்றுதான். என் தோழி கேட்பது, பஸ் நின்றதா, டிரைவர் ஏற்றினாரா, ஏற்றாவிட்டால் யாரிடம் புகார் செய்தீர்கள் என்று.

எங்களால் முடியுமா என்ற சந்தேகமே வேண்டாம். டிவியில் செய்தி வாசித்த ராஸ் அடிபா ராட்சி, சக்கர நாற்காலியில் இருப்பவர், 2020-ல் தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் தலைவராகவே வந்தார். பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை 2006-ல் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான், அது இன்றும் இலவசம், தமிழும் படிக்கும். ஆனால் செய்தியை வெட்டிப் படமாக பேஸ்புக்கில் போட்டால் அது என்ன செய்யும்? எழுத்தாகவும் சேர்த்துப் போடுங்கள், என் தோழி தானே படித்துக்கொள்வாள்.

நம் நாட்டில் ஓகேயூ சட்டம் வந்தது 2008-ல். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா ஏற்றது 2010-ல், அதன் 21-ஆம் பிரிவே கருத்துச் சொல்லும் உரிமையும் தகவல் பெறும் உரிமையும்தான்.

அதனால் கேட்கிறேன்: வாரம் அரைப் பக்கம் கொடுங்கள். எங்கள் பெயரில் வரட்டும், பகுதிநேர நிருபருக்குத் தருகிற அதே சன்மானத்தைத் தாருங்கள், தப்பு இருந்தால் மற்றவர்களைத் திருத்துவது போலவே திருத்துங்கள். பஸ் நிலையக் கழிவறை பற்றிய முதல் கட்டுரை படங்களோடு தயாராக இருக்கிறது. எந்தக் கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, சுங்கை சிப்புட்