சர்க்கரை போகும் வழி

அன்புள்ள கணேசா,

கடிதம் கிடைத்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் இனிப்பையே தொடக்கூடாது என்கிறார் என்று எழுதியிருந்தாய். கஷ்டம்தான். ஆனால் நானும் இந்த வாரம் முழுக்கச் சர்க்கரை யோசனையில்தான் இருக்கிறேன், வேறு காரணத்துக்காக.

கன்றாக இருந்தபோது ஒரு மரத்தைக் கம்பி போட்டுக் குச்சியில் கட்டினேன். அப்புறம் அவிழ்க்க மறந்தே போனேன். இப்போது பார்த்தால் கம்பி பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேலே கழுத்துக் கழலை மாதிரி வீங்கியிருக்கிறது. கீழே ஒல்லி. இலை மட்டும் பச்சைப்பசேல்! வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறுகிறது. இலை சமைத்த சர்க்கரை பட்டையின் உட்பக்கமாக இறங்குகிறது. கம்பி நெரித்தது இரண்டாவது பாதையை. 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் மால்பீகி பட்டையை வளையமாக உரித்து இதே வீக்கத்தைப் பார்த்தார். அவர் ஆராய்ச்சிக்காகச் செய்தார், நான் சோம்பலால் செய்தேன்.

அந்தப் பாதைக்குப் பெயர் புளோயம். அதில் ஓடுவது பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது நீ விடவேண்டிய அதே சர்க்கரை. மணிக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று நகரும். தள்ளுவதற்கு இதயம் ஒன்றும் கிடையாது. இலையில் குழாய்க்குள் சர்க்கரையை ஏற்றியதும் பக்கத்திலிருந்து தண்ணீர் தானாக உள்ளே பாய்கிறது, அழுத்தம் கூடுகிறது. வேரில் சர்க்கரையை இறக்கியதும் தண்ணீரும் வெளியேறுகிறது, அழுத்தம் குறைகிறது. இந்த வித்தியாசமே சாற்றைத் தள்ளுகிறது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் மூன்ஷ் 1930இல் புத்தகமாகவே எழுதிய விளக்கம் இது.

அசுவினிப் பூச்சியை எடுத்துக்கொள். அது உறிஞ்சக்கூடத் தேவையில்லை. ஊசி வாயைக் குழாயில் குத்தினால் போதும், அழுத்தமே ஊட்டிவிடும். பூச்சியை வெட்டி எடுத்துவிட்டு ஊசியை மட்டும் விட்டாலும் மணிக்கணக்கில் சாறு கசியுமாம். ஆராய்ச்சியாளர்கள் சுத்தமான சாறு சேகரிப்பதே அப்படித்தான்.

இன்னொன்று. அந்தக் குழாய் செல்கள் உயிருள்ளவை, ஆனால் உட்கரு இல்லை. ஒட்டி நிற்கும் துணை செல்தான் அவற்றைப் பராமரிக்கிறது. (வீட்டில் உன் மாத்திரைகளை யார் எடுத்து வைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.) ஓட்டம் எப்போதும் கீழ்நோக்கித்தான் என்றும் இல்லை. தளிர் இலை கைநீட்டி வாங்கும். பாதி வளர்ந்ததும் வாங்குவதை நிறுத்திவிட்டு அதுவே அனுப்பத் தொடங்கும். பழம் மேலே இருந்தால் சர்க்கரை மேலே போகும்.

கம்பியை வெட்டிவிட்டேன். புதைந்த துண்டு வரவில்லை; தோண்டினால் மிச்சப் பட்டையும் போய்விடும் என்று விட்டுவிட்டேன். வேருக்குச் சேமிப்பு எவ்வளவு இருக்கிறதோ, பார்ப்போம். உன் அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
ரவி