ஆவாரஞ்செடியில புழு வந்தா மருந்து அடிக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

'ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோ'ன்னு வாய் வலிக்கச் சொல்றோம், காய வச்ச பூவை பாக்கெட்ல வாங்கி டீ போட்டுக் குடிக்கிறோம், ஆனா அந்தச் செடியை வாசல்ல ஒண்ணு வைக்கலாம்னு யாருக்கும் தோண மாட்டேங்குது. தோட்டம்னாலே காகிதப்பூ, தங்க அரளின்னுதான் போறோம், ரெண்டுமே அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. நர்சரில ஆவாரை கேட்டா, "அது காட்டுச்செடி சார், ரோட்டோரமே கிடக்குமே"ங்கிறாங்க.

சரி, தேடிப்பிடிச்சு வச்சவங்களும் ஒரு காரியம் பண்றாங்க, அதுக்காகத்தான் இந்தக் கடிதமே. மழைக்கு அப்புறம் தளிர் விடும்போது இலை ஓட்டை ஓட்டையா ஆகும், பச்சைப் புழு தெரியும், உடனே பூச்சிமருந்தை வாங்கி அடிச்சிடுறாங்க. அந்தப் புழுதாங்க பட்டாம்பூச்சி! மாட்டில்டு எமிகிரன்ட்னு சொல்ற வெளுத்த நிறப் பட்டாம்பூச்சி முட்டை வைக்கிறதுக்கு ஆவாரையைத் தேடி வரும். தளிரைக் கொஞ்சம் கிட்ட வச்சுப் பாருங்க, சின்னதா ஒரு முட்டை செங்குத்தா நிக்கும், புழு இலை நிறத்துலயே இருக்கும், கூடும் பச்சைதான், இலையோட இலையா தொங்குறதால சட்டுன்னு கண்ணுக்குப் படாது. இலை போனா போகட்டும், வேர் பிடிச்ச செடி இதுக்கெல்லாம் சாகாது, திரும்பத் தளிர்க்கும், நடுவுல தையல்சிட்டு வந்து குஞ்சுக்கு நாலு புழுவைத் தூக்கிட்டுப் போகும், அதுவும் நல்லதுதானே.

பூ விஷயம் இன்னும் சுவாரசியம். இதுல தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் மகரந்தப்பை நுனியில இருக்கிற துளை வழியாத்தான் வெளிய வரும். மரத்தைத் துளைக்கிற அந்தப் பெரிய கறுப்பு வண்டு வந்து பூவை இறுக்கிப் பிடிச்சு உடம்பை அதிர வச்சு உதிர்த்துக்கும், அந்த நேரம் மட்டும் ரீங்காரம் மாறுறது நல்லா கேக்கும். மருந்து அடிச்சா இந்த வண்டுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

வளர்க்கிறது பெரிய வேலை இல்லை. விதைத்தோல் ரொம்ப கடினம், அப்படியே போட்டா லேசுல முளைக்காது, உப்புத்தாள்ல லேசா தேய்ச்சோ இல்ல கொதிச்சு இறக்கின தண்ணியில போட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சோ மழைக்கு முன்னாடி நேரா தரையிலயே ஊனிடுங்க. தொட்டியில வளர்த்துட்டு அப்புறம் பிடுங்கி நட்டா ஆணிவேர் அறுந்துடும், பாதி செடி அதுலயே போயிடும். நல்ல வெயில் வேணும், தண்ணி தேங்கக் கூடாது. ரோஜாவுக்கு ஊத்துற மாதிரி தினமும் ஊத்தினா அழுகிடும். பூத்து ஓஞ்சதும் நுனியை வெட்டி விட்டா கிளை அடர்ந்து வரும்.

ரோட்டோரம் பூ பறிக்கிறவங்களும் கிளையோட ஒடிக்காம, கொஞ்சத்தைச் செடியிலயே காய்க்க விடுங்க, விதைக்கு எங்கயும் அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்