மோட்டாரை மாற்றாதே, மிதவையின் படியைப் பார்

வெருலம், டர்பன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். தைப்பூசக் காவடி நெருங்குகிறது, ஊர் முழுக்க அதே பேச்சுதான். பிரிட்டோரியா லாடியத்தில் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹார்ட்பீஸ்பூர்ட் அணையில், சக்கரத்துக்குப் பதிலாக மிதவை மாட்டிய உன் ரேடியோ மாதிரி விமானம் முழு த்ராட்டிலில் (மோட்டாரின் முழு வேகத்தில்) தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது, ஆனால் மேலே எழும்ப மறுக்கிறது, அதனால் பெரிய மோட்டார் வாங்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாங்காதே. மிதவையோடு சேர்த்து 2.2 கிலோ எடை, வாட்மீட்டர் காட்டுவது 600 வாட். கிலோவுக்கு 270 வாட்டுக்கு மேல் வருகிறது. ஒன்றரை மீட்டர் இறக்கை உள்ள பயிற்சி விமானத்தைத் தண்ணீரிலிருந்து தூக்க இது தாராளம். குறை மிதவையில் இருக்கிறது. நீ அனுப்பிய மூன்றாவது படத்தில் அது பளிச்சென்று தெரிகிறது.

மிதவையின் அடியில் நடுவே ஒரு படி, அதாவது அடிப்பரப்பு சட்டென்று மேலே வெட்டி ஏறும் இடம், வைத்திருக்கிறாயே, அதன் விளிம்பைப் பார். உப்புக்காகிதம் போட்டு வழவழவென்று உருட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இழுத்து ஒட்டியிருக்கிறாய். பார்க்க அழகு. ஆனால் மிதவை முழுவதிலும் அந்த ஓர் இடம் மட்டும் அழகாக இருக்கக் கூடாது, கத்தி மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒழுகும்போது கரண்டியின் முதுகை அதன் ஓரத்தில் காட்டிப் பார், கரண்டியைத் தண்ணீர் தன் பக்கம் இழுக்கும். வளைந்த பரப்பைத் தண்ணீர் விடுவதில்லை. உன் படியிலும் அதுதான் நடக்கிறது. முன்பாதியின் அடியில் ஓடிவரும் தண்ணீர் படியில் அறுந்து விலக வேண்டும். அப்போதுதான் பின்பாதிக்கு அடியில் காற்று புகும், பின்பாதி தண்ணீரை விட்டு வரும். விளிம்பு உருண்டிருந்தால் தண்ணீர் அறுந்துபோகாமல் பின்பாதியையும் தழுவிக்கொண்டு ஓடும். எத்தனை வாட் கொடுத்தாலும் அந்த இழுப்பு விடாது, வேகம் கூடக் கூட அதுவும் கூடும்.

சரிசெய்வது அரை மணி நேர வேலை. படிக்கு முன்னால் 15 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தாளை வெட்டி எடுத்துவிடு. 0.8 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் அதே அகலப் பட்டை ஒன்றை வெட்டி, அதன் பின்விளிம்பு படியைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டும்படி எபாக்சியால் ஒட்டு. பட்டையின் முன்விளிம்பைச் சீவி அடிப்பரப்போடு சமமாக்கு, பின்விளிம்பைத் தொடாதே. மெல்லிய எபாக்சியை இரண்டு தடவை பூசினால் தண்ணீர் ஏறாது. காய்ந்ததும் விரல் நகத்தை விளிம்பில் வைத்து இழு, நகம் சுரண்டப்பட்டால் சரி. படியின் ஆழம் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அடுத்தது படி இருக்கும் இடம். விமானத்தை மட்டமாக நிறுத்தி, ஈர்ப்பு மையத்திலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிடு. உன் அளவு விமானத்துக்கு அந்த நூலுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் பின்னால் படி வர வேண்டும். அதற்கும் பின்னால் போனால் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால்பலகையை) எவ்வளவு இழுத்தாலும் மூக்கு தூக்காது. நூலுக்கு முன்னால் வந்துவிட்டால் விமானம் மிதவையின் பின்முனையில் உட்கார்ந்துகொண்டு மூக்கை ஆட்டியபடியே ஓடும். மிதவை மாட்டிய பிறகு ஈர்ப்பு மையத்தை மறுபடி அளந்தாயா? கடையில் வாங்கிய மிதவைகளில் பலவற்றின் எடை முன்பக்கம் கூடியிருக்கும். பேட்டரியை நகர்த்தி, சக்கரத்தோடு இருந்த பழைய இடத்துக்கே மையத்தைக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு படியை அள.

இனி கோணம். மிதவையின் மேல்தளமும் இறக்கையும் ஒரே மட்டத்தில் இருப்பது போலப் படத்தில் தெரிகிறது. அப்படியானால் மிதவை படியின்மேல் மட்டமாக ஓடும்போது இறக்கைக்கு ஏறுகோணமே கிடைக்காது, தூக்குவிசை எங்கிருந்து வரும்? மேல்தளத்தை மட்டமாக வைத்தால் இறக்கை 2 முதல் 3 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். மிதவையைத் தாங்கும் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 300 மில்லிமீட்டர் என்றால், இரண்டரை டிகிரிக்கு முன்கால் 13 மில்லிமீட்டர் கூடுதல் உயரம் வேண்டும். இறக்கையே உடலில் ஒரு டிகிரி ஏற்றிப் பொருத்தப்பட்டிருந்தால் 8 மில்லிமீட்டர் போதும். இதற்கு மேல் ஏற்றாதே. நாலைந்து டிகிரி வைத்தால் வேகம் பிடிக்குமுன்பே துள்ளி எழும்பி, அடுத்த நொடி ஸ்டால் ஆகி, அதாவது தூக்குவிசை அறுந்து, தண்ணீரில் விழும்.

மற்ற அளவுகளில் பெரிய பிழை இல்லை. 850 மில்லிமீட்டர் நீளம் உன் 1.1 மீட்டர் உடலுக்குப் பொருத்தம், முக்கால் பங்குக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் இறக்கை நீளத்தை மட்டும் பார்த்து மிதவை விற்கிற வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. மிதவைக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான். இரண்டு மிதவையும் சேர்ந்து விமான எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரை இடம்பெயர்க்க வேண்டும். 2.2 கிலோவுக்கு மொத்தம் 4.4 லிட்டர், ஒன்றுக்கு 2.2 லிட்டர். குளியல் தொட்டியில் வைத்துப் பார், பாதிக்கு மேல் அமிழ்ந்தால் போதாது. இரண்டு மிதவைக்கும் நடு இடைவெளி 350 மில்லிமீட்டர் இருக்கட்டும். முன்னாலும் பின்னாலும் அளந்து, ஒரு மில்லிமீட்டருக்குள் சமமாக இருக்கிறதா என்று பார். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஓட்டத்தில் ஒரு பக்கம் இழுக்கும், காற்றின்மேல் பழி போடுவோம்.

உங்கள் ஊர் உயரம் இதில் சேர்ந்துகொள்கிறது. இங்கே ஹேசல்மியர் அணையில் சுலபமாக எழும்பும் விமானம் அங்கே திணறுவதற்குக் காரணம் உண்டு. ஹார்ட்பீஸ்பூர்ட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1160 மீட்டர். காற்றின் அடர்த்தி அங்கே 11 சதவீதம் குறைவு, 30 டிகிரி வெயிலில் அந்தக் குறைவு 17 சதவீதத்தைத் தொடும். அப்படிப்பட்ட நாளில் எழும்ப ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் வேகம் தேவை. மிதவைக்கோ உயரம் ஒரு பொருட்டே இல்லை, தண்ணீர் எங்கும் ஒரே கனம், அதன் இழுவை குறைவதில்லை. அதனால்தான் இங்கே மன்னிக்கப்படுகிற உருண்ட விளிம்பு அங்கே மன்னிக்கப்படுவதில்லை. ப்ரொப்பை (முன்விசிறியை) மட்டும் மாற்றிப் பார். 12க்கு 6க்குப் பதிலாக 13க்கு 5 போடு (முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச், இரண்டும் அங்குலத்தில்). மெலிந்த காற்றில் மோட்டாருக்குச் சுமை ஏறக்குறைய அதேதான் வரும், நின்ற இடத்திலிருந்து இழுக்கும் பலம் கூடும். வாட்மீட்டரில் ஆம்பியரைச் சரிபார்த்துக்கொள். ப்ரொப்பின் நுனி தண்ணீருக்கு அரை அங்குலம் நெருங்கும் என்பதையும் மறக்காதே, 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மரப் ப்ரொப் வேண்டாம், தண்ணீர்த் துளிகள் அதன் விளிம்பைத் தின்றுவிடும்.

உயரத்தைப் பற்றிச் சொல்லும்போது வால் (Vaal) ஆற்றின் அணை நினைவுக்கு வருகிறது. டர்பன் துறைமுகத்துக்கு 1937லேயே இம்பீரியல் ஏர்வேஸின் பறக்கும் படகுகள் (படகு போன்ற அடிவயிற்றோடு தண்ணீரில் இறங்கும் பயணி விமானங்கள்) வந்தன, ஆனால் அது கடல்மட்டம். 1948 முதல் 1950 வரை சோலென்ட் ரகப் பறக்கும் படகுகள் சவுத்தாம்ப்டனிலிருந்து வால் அணைக்கே வந்து போயின. அது உன் அணையைவிட 300 மீட்டருக்கு மேல் உயரம். அந்த மெலிந்த காற்றில் நான்கு எஞ்சின் படகு எழும்பியதென்றால் அதன் அடிவயிற்றிலிருந்த படியும் அதில் பங்குகொண்டது. அவற்றின் படங்கள் கிடைத்தால் இறக்கையை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைப் பார்.

ஓட்டும் முறையையும் கேட்டிருந்தாய். காற்றுக்கு நேர் எதிரே திருப்பி, எலிவேட்டரை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலை இரண்டு மூன்று நொடியில் ஏற்று. மூக்கு மேலெழுந்து தண்ணீரை உழும். பிறகு மிதவை மேலே ஏறி மட்டமாகும், சத்தமும் மாறும், தெளிப்பு பின்னால் போகும். அந்தக் கணத்தில் எலிவேட்டரை நடுவுக்கு விட்டுவிடு. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். இழுத்தே பிடித்தால் பின்முனை மறுபடி தண்ணீரில் அழுந்தி வேகம் செத்துவிடும். படியின்மேல் ஓடவிட்டு, வேகம் வந்ததும் மெல்ல இழு, தட்டையாக ஏறு. மூக்கு மேலும் கீழும் குதிக்க ஆரம்பித்தால் எலிவேட்டரால் அதைத் துரத்தாதே, துரத்தினால் இன்னும் பெரிதாகும். த்ராட்டிலை மூடி, எலிவேட்டரை இழுத்து நிறுத்தி, மறுபடி தொடங்கு.

இறங்கும்போது த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்தே வை. தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தால் உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. உங்கள் பக்கத்துக் குளிர்கால விடியலில் அப்படித்தான் இருக்கும். சிற்றலை எழும்வரை பொறு, இல்லையென்றால் கரையை ஒட்டி இறக்கு, புல்லும் கல்லும் உயரம் காட்டும். மூக்கு தாழ்ந்து வேகமாகத் தொட்டால் மிதவை முனை குத்தி விமானம் கவிழும். கோடையில் காலையிலேயே முடித்துவிடு, பிற்பகல் இடிமழை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பும், அதுதான் எங்கள் தலைவலி.

காற்று பலமாக இருக்கும்போது தண்ணீரில் திரும்புவதுதான் பறப்பதைவிடக் கடினம். விமானம் காற்றுத் திசைகாட்டி போல மூக்கைக் காற்றுக்குத் திருப்பிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் போக நேர்ந்தால் காற்று வரும் பக்கத்து ஏலரானை (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையை) உயர்த்திப் பிடி, இல்லையென்றால் அந்த இறக்கை தூக்கி மறுபக்க மிதவை அமிழும். நீர்ச்சுக்கானுக்குத் தனி சர்வோ (பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) கொடு. கல்லிலோ ஆகாயத்தாமரையிலோ சிக்கினால் வாலின் ரட்டர் (இடவலம் திருப்பும் பலகை) தப்பிக்கும். வானில் வால் இடவலமாக ஆடினால், முன்னால் மிதவை சேர்த்த பக்கப் பரப்புதான் காரணம். வாலுக்கு அடியில் செங்குத்து வாலின் கால்வாசி அளவுக்கு ஒரு துண்டு ஒட்டு, நின்றுவிடும்.

மின்பாகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசீவரை பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டு, ஆன்டெனா உடலின் உச்சியில் இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தண்ணீருக்குள் போகாது. சர்வோ மூட்டுகளில் சிலிக்கோன், அச்சில் கிரீஸ். ஃபெயில்சேஃபில் (சிக்னல் அறுந்தால் இயங்கும் பாதுகாப்பு அமைப்பில்) த்ராட்டில் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று கரையிலேயே ட்ரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார். உன் மிதவை உள்ளே கூடாக இருப்பதால் இன்னொன்று: வெயிலில் நின்ற காரில் உள்காற்று சூடாகி வெளியேறும், குளிர்ந்த தண்ணீரில் வைத்ததும் சுருங்கி, ஊசித்துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கரையில் அடைப்பைத் திறந்து காற்று ஆறும்வரை வைத்து, பிறகு மூடி இறக்கு. ஒவ்வொரு மிதவையையும் பறப்புக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார், கூடிய கிராம் கசிவைச் சொல்லிவிடும்.

விமானம் நடுவில் நின்றுபோனால் நீந்திப் போகாதே, இதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும். இங்குள்ள அணைகளில் பில்ஹார்சியா (தண்ணீரிலிருந்து தோல் வழியே ஏறும் புழுநோய்) பயம், அங்கே பாசியும் ஆகாயத்தாமரையும் காலைச் சுற்றும். தூண்டில் கோலில் டென்னிஸ் பந்தைக் கட்டி, விமானத்தைத் தாண்டி வீசி, நூலை மிதவைக் காலில் மாட்டி இழுக்கலாம். அதற்கும் எட்டாவிட்டால் உயிர்காப்பு உடையோடு கயாக். ஆகாயத்தாமரைத் திட்டு காற்றோடு நகரும், போகும் முன் அது எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள். திரும்பி வரும் வழியை அது அடைத்துவிடும்.

முதலில் படியின் விளிம்பை மட்டும் சரிசெய்து ஒரு தடவை ஓட்டு. அப்போதும் எழும்பாவிட்டால் கோணத்தைத் தொடு, அதன் பிறகே ப்ரொப். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. ஈர்ப்பு மையத்திலிருந்து படிவரை எத்தனை மில்லிமீட்டர், முன்காலும் பின்காலும் எவ்வளவு உயரம் என்று அடுத்த கடிதத்தில் எழுது. காவடிக்கு இங்கே வருவதாக இருந்தால் மிதவைகளைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு வா, ப்ளைவுட் பட்டை என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்